எண்பத்துநாலாம் வருடத்துப் பூச்சு

“நான் ஒரு தடவை செத்து, பதினோரு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சவன். எந்திரிச்சு என்ன செஞ்சேங்கீங்க? பாதியில நின்ன பாட்டை, விட்ட எடத்துலருந்து, சுருதி பிசகாமப் பாடி முடிச்சேன்!”

ஆவுடையப்பன் இதை எதிர் இருக்கையில் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அவருடைய ஆங்கிலத்தில் தாமிரபரணித் தண்ணீர் பன்னிரண்டு மாதமும் ஓடும். அந்த அம்மாள் புன்னகை செய்து, தன் கைப்பையை மெல்ல மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“மயக்கம்,” என்றார் டாக்டர் தேவசகாயம், ரயில் ஜன்னலைப் பார்த்தபடி.

இந்த ஒரே சொல்லை அவர் நாற்பத்தேழு வருடமாகச் சொல்லிவருகிறார். அவர் சொல்லச் சொல்ல ஆவுடையப்பனின் சாவும் வளர்ந்துகொண்டே வந்தது. ஆவுடையப்பன் கல்யாணத்தில் நாலு நிமிடம். மூத்த மகள் கல்யாணத்தில் ஏழு. அறுபதாம் கல்யாணத்தில் ஒன்பது நிமிடம். அதோடு எமனும் வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, “இவன் அங்கயே இருக்கட்டும், இங்க வந்தா தூங்க விடமாட்டான்” என்று எருமையைத் திருப்பிக்கொண்டு போனான். “இப்படியே போனா மூணாம் நாள் உயிர்த்தெழுந்தேன்னு சொல்லிருவ. அது ஏற்கெனவே எங்க சபையில ஒருத்தருக்குப் பதிவாகியிருக்கு, பாத்துக்கோ,” என்று டாக்டர் ஒருமுறை எச்சரிக்கவே வேண்டியிருந்தது.

மூன்றாவது நண்பர் காஜா மைதீன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி இருவருக்கும் நடுவில் நீட்டினார். மேலப்பாளையத்துக்காரர். சாயப்பட்டறைப் படிப்புக்காக அந்தக் காலத்தில் இவர்களோடு இங்கிலாந்து வந்தவர். ஆவுடையப்பன் நூற்பாலைப் படிப்பு. தேவசகாயம் பாளையங்கோட்டையில் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு மேற்பட்டத்துக்காக வந்தவர். மூவருக்கும் இப்போது எழுபத்தொன்று. மூவரும் சேர்ந்து, படித்த ஊரான ஹார்ஸ்லிக்கு, அங்கே மாணவர்கள் கூடும் ‘மூன்று நாடா’ என்ற பழைய பப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து, பழைய கதை பேசி, ஒரு கோப்பை குடித்துவிட்டு வருவது என்றுதான் டாக்டரிடம் சொல்லியிருந்தது.

“இன்னைக்கு ஒன் மயக்கத்துக்கு மங்களம் பாடிருவேம்லே,” என்றார் ஆவுடையப்பன். கண்ணில் குறும்பு கொப்பளித்தது. “சாட்சி கெடச்சிருச்சு.”

“யாரு? கடைக்கார ஆர்தரா? அவன் போயி இருவது வருஷமாச்சு.”

“மேசை.”

“என்ன மேசை?”

“நாம சுத்தி நின்ன மேசைதான். அந்த மேசையைப் பேச வைக்கப் போறாங்க. நான் ஆறு மாசத்துக்கு முந்தியே எழுதிக் கேட்டு நாள் வாங்கிட்டேன்.”

டாக்டரின் கையிலிருந்த டீ நடுங்கியது. ரயில் ஆடியதால் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வசதியாக, ரயிலும் அப்போது ஆடியது.

அவருக்கு விஷயம் புரியாமல் இல்லை. ‘பூச்சு வாசிப்பு’ உலகத்தையே ஆட்டிவைத்து ஆறு வருடம் ஆகிறது. வார்னிஷோ பெயிண்டோ சுண்ணாம்போ, எதுவானாலும் ஈரமாக இருக்கும்போது பக்கத்தில் நடக்கும் பேச்சுக்கு நடுங்குகிறது, நடுங்கியபடியே காய்ந்துவிடுகிறது. அந்த நடுக்கத்தை வெளிச்சத்தால் தடவி மறுபடி குரலாக்கிவிடலாம். அவ்வளவுதான் சங்கதி. அதற்குப் பிறகு திருநெல்வேலி ஜில்லாவில் நிம்மதியாகத் தூங்கிய மனிதர் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவர் ஒவ்வொன்றும் வாயைத் திறந்தது. சொத்து வழக்கில் செத்துப்போன பெரியப்பாவின் அடுக்களைச் சுவர் கோர்ட்டுக்கு வந்தது. எழுபது வருடம் ஒற்றுமையாக இருந்த குடும்பங்கள், ஒரு போகிப் பண்டிகைச் சாயங்காலம் மாமியார் நாத்தனாரிடம் சொன்ன ஒரு வார்த்தையால் பிரிந்தன. டாக்டரின் தெருவிலேயே ஒருவர், வாசிக்கிறவர்கள் வருமுன் அஸ்திவாரம்வரை வீட்டை இடித்துப் போட்டுவிட்டு, வாழைத்தோப்பில் ஓலைக்கொட்டகை போட்டுக் குடியிருக்கிறார். ஓலை எதையும் கேட்பதில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

“அது எப்பிடிலே முடியும்?” டாக்டர் குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். “ஆர்தர் வருஷா வருஷம் வார்னிஷ் அடிப்பான். அதுக்கு மேல நாப்பத்தாறு பூச்சு ஏறியிருக்கும்.”

“வெளிச்சம் ஒவ்வொரு பூச்சா, வெங்காயம் உரிக்காப்ல, உள்ள போகும்லே. நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு. பரீட்சை முடியுத அன்னைக்குத்தான ஆர்தர் அடிப்பான்? மூணு மணிக்கு அடிச்சிட்டு அஞ்சு மணிக்குக் கடையைத் தொறப்பான். மேசையில எவன் கை வைக்கானோ அவன் அத்தனை பேருக்கும் வாங்கிக் குடுக்கணும். நாம கிளாஸைக் கையில ஏந்திக்கிட்டு, கோவில்ல தீபாராதனைக்கு நிக்க மாதிரி சுத்தி நிப்போம். வருஷத்துல அந்த ஒரு சாயங்காலம்தான் மேசைக்குக் காது. எண்பத்துநாலுல அந்தச் சாயங்காலத்துலதாம்லே நான் செத்தேன்!”

டாக்டருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கடைசிக் கொம்பு கிடைத்தது. “நாம தமிழ்லல்லா பேசுனோம்.”

“மெஷின் தமிழ் படிச்சிருச்சாம்,” என்றார் காஜா. டீ மூடியைத் திருகினார். டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. “நம்ம ஊருத் தமிழே தெரியுமாம்.”

அந்த ஊரில் அவர்கள் செய்த பெரிய மடத்தனம் அதுதான். சுற்றிலும் ஒருவருக்கும் புரியாது என்ற தைரியத்தில், இரண்டு வருடம் வாய்க்கு வந்ததையெல்லாம் உரக்கப் பேசினார்கள். பேராசிரியரை அவர் முன்னாலேயே திட்டினார்கள். சொல்லக்கூடாததை முந்நூறு பேர் கூடிய இடத்தில் கத்திச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் ஒரு வாக்கியம் டாக்டருடையது.

அன்றைக்கு நடந்தது இது. ஊரிலிருந்து கொண்டுவந்த மைக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரும். அதன் வயரிலிருந்த பின்னு அந்த ஊர் பிளக் ஓட்டையில் பொருந்தவில்லை. தேவசகாயம்தான் பின்னை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் இரண்டு நுனியையும் சீவி, ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியைச் சொருகி நிறுத்தினார். நம் ஊரில் பாதி வீடுகளில் ரேடியோ அப்படித்தான் பாடிற்று. ஆவுடையப்பன் பீர் வழிந்த கையோடு மைக்கைப் பிடித்தார். பாட்டின் இரண்டாவது அடியில் ‘பட்’ என்று ஒரு சத்தம். ஈர மேசைமேல் கன்னம் பதிய விழுந்தார். தேவசகாயம் நாடி பார்த்தார். இல்லை. கழுத்தில் பார்த்தார். இல்லை. ஆர்தர் டெலிபோனுக்கு ஓடியிருந்தான். அப்போதுதான் தேவசகாயம் காஜாவின் கையைப் பிடித்துச் சொன்னார்:

“இவன் முடிஞ்சான். வா, போயிருவோம். போலீஸ் கேட்டா, இவனேதான் வயரைச் சொருகினான்னு சொல்லிரு.”

சொல்லிவிட்டு ஓடினார். அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் கட்டினார். காஜா ஓடவில்லை. யாரோ தீயணைப்புக்காரர்கள் எப்போதோ செய்துகாட்டியிருந்ததை நினைவில் வைத்து, தோன்றிய இடத்தில் தோன்றிய மட்டும் நெஞ்சில் குத்தியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் அறைக்கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஒரு பக்கக் கன்னமும் காதும் வார்னிஷில் பளபளக்க, ஆவுடையப்பன். “ஏலே செத்த மூதி, டீ போடு,” என்றார்.

தேவசகாயத்தின் வாயிலிருந்து முதலில் வந்த சொல் ‘மயக்கம்’. சாவு இல்லையென்றால் ஓட்டமும் இல்லை அல்லவா? காஜாவிடம் சத்தியம் வாங்கினார். அதன்பின் ஊர் திரும்பி, முப்பது வருடத்துக்கு மேலாக, மாதத்தின் முதல் ஞாயிறன்று சர்ச்சிலிருந்து நேராக ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய் நாடி பார்த்தார். ஆவுடையப்பனும் சோபாவில் சாய்ந்தபடி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை நீட்டிவிடுவார்.

இன்று அந்த வாக்கியத்தை ஆவுடையப்பன் கேட்கப்போகிறார். கேட்ட பிறகு அந்தக் கை நீளாது. டாக்டரின் பயமெல்லாம் இதற்குத்தான். போலீஸ், பட்டம், பெயர் எல்லாம் எப்போதோ பயப்பட்டுத் தீர்ந்துபோனவை.

ஹார்ஸ்லியில் இறங்கியபோது மதியம் இரண்டு மணி. ஜூன் வெயில், நம் ஊர் மார்கழியைப் போல. ‘மூன்று நாடா’ அப்படியே இருந்தது. நெசவுத் தறியின் நாடா மூன்றை வரைந்த அதே பலகை தொங்கியது. உள்ளே மாணவர்கள் கூட்டம். பரீட்சை முடிந்த பிள்ளைகள் என்றால் கூரை பறக்க வேண்டுமே! ஆனால் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள்.

“ஏன் இப்படி இழவு வீடு மாதிரி இருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் காஜா.

பூச்சு வாசிக்கும் பெண் பதில் சொன்னாள். ஃபியோனா என்று பெயர். செம்பட்டை முடி, முழங்கை வரை வார்னிஷ் கறை. “இன்றைக்கு மேசைக்குப் பூச்சு நாள் இல்லையா? மூன்று மணிக்கு நான் வார்னிஷ் அடித்ததும் மேசை கேட்க ஆரம்பித்துவிடும். என்றைக்காவது ஒருநாள் யாராவது வாசிப்பார்கள் என்று எல்லாருக்கும் பயம். போன வருடம் என்ன செய்தார்கள் தெரியுமா? வரிசையில் நின்று, எழுதிவந்த தாளைப் பார்த்து, அம்மா அப்பாவை எவ்வளவு மதிக்கிறோம் என்று மேசையிடம் வாசித்துவிட்டுப் போனார்கள். பப்பில்!”

மேசை நடுவில் கிடந்தது. பன்னிரண்டு பேர் சுற்றி நிற்கலாம். தேன் நிறத்தில் கண்ணாடி போல் தடித்த பூச்சு. அதன் மூலையில், அடியாழத்தில், ஒரு மனிதக் காது.

“எங்காது!” ஆவுடையப்பன் கூவினார். கோவிலில் மூலவரைக் கண்டவர் போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பரீட்சைக்குப் போகுமுன் மாணவர்கள் அந்தக் காதைத் தடவிவிட்டுத்தான் போவார்களாம். யாருடைய காது என்று எவருக்கும் தெரியாது. இதோ காதுக்குச் சொந்தக்காரர்! ஐந்து நிமிடத்தில் ஆவுடையப்பன் பப்பின் ராஜா ஆகிவிட்டார். நாற்காலி மேல் ஏறாத குறை. பதினோரு நிமிடம் அங்கே வைத்துப் பன்னிரண்டானது. எமனின் எருமை பப்பின் வாசலிலேயே கட்டப்பட்டிருந்தது. ஒரு நெட்டைப் பையன் அளவு நாடா கொண்டுவந்து, மேசைக் காதையும் அவர் காதையும் அளந்தான். கால் அங்குலம் வித்தியாசம்.

“மோசடி!” என்று ஒருத்தி சிரித்தாள்.

“வயதானால் காது வளரும்,” என்றார் டாக்டர், தன்னையறியாமல். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். இவன் கட்சிக்கு நான் ஏன் சாட்சி சொல்கிறேன்?

ஃபியோனா மூவரிடமும் பெயர் சொல்லச் சொல்லிக் குரலைப் பதிந்துகொண்டாள். பிறகு மேசையின் மூன்று பக்கமும் உள்ளங்கை அகலத்தில் மூன்று சிவப்புப் பொத்தான்களை வைத்தாள்.

“சட்டப்படி சொல்லியாக வேண்டும். ஒரு பூச்சில் உங்கள் குரல் இருந்தால் அதை அழிக்க உங்களுக்கு உரிமை உண்டு. கையை வைத்து ஐந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். தெரியாமல் பட்டுவிட்டது என்று பிறகு சொல்லக்கூடாது, அதற்காகத்தான் ஐந்து. அழித்தால் அந்த வருடப் பூச்சிலிருக்கும் குரல் மட்டும் எரிந்துவிடும், திரும்ப வராது. யார் அழித்தார்கள் என்று பெயர் திரையில் வரும்.”

“பெயர் எதற்கு?” என்றார் டாக்டர்.

“ஒருவர் அழித்துவிட்டு இன்னொருவர் மேல் பழி போட்டுவிடுவார்கள், அதனால்தான்.”

டாக்டர் மேசைக்கடியில் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டார். நாடி நூற்றுப்பன்னிரண்டு.

விளக்கு எரிந்தது. நீல வெளிச்சம் ஒரு நூல் போல மேசைமேல் போயும் வந்தும் உழுதது. சுவரில் திரை. ஒலிபெருக்கியில் போன வருடத்துப் பிள்ளைகள் பெற்றோரை மதித்தார்கள். அதற்கு முந்தைய வருடமும் மதித்தார்கள். ஆறு பூச்சு கழிந்ததும் மேசைக்கு உயிர் வந்தது. பாட்டு, சண்டை, யாரோ யாரையோ அழவைத்தது, ஒரு நாயின் குரைப்பு. வருடத்துக்குச் சில விநாடிதான். வெளிச்சம் வருடம் வருடமாகக் கீழே இறங்கியது. தொண்ணூற்றொன்பது. தொண்ணூறு. எண்பத்தெட்டு. டாக்டருக்கு அது கிணற்றுக்குள் விட்ட வாளி போல் இருந்தது. கயிறு போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் என்ன கிடக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். நாடி நூற்று இருபத்தெட்டு.

எண்பத்தைந்து வந்தது.

“—செத்தே போயிட்டேன்டா! ரெண்டு நிமிஷம்! முழுசா ரெண்டு நிமிஷம்!”

இருபத்தைந்து வயது ஆவுடையப்பன். திரையில் ஆங்கிலம் ஓடியது. பப் முழுக்கச் சிரிப்பு.

“ரெண்டு?” என்றான் நெட்டைப் பையன்.

“அப்ப வாட்ச் சரியில்ல,” என்றார் ஆவுடையப்பன். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனாலும் மகிழ்ச்சி தாங்கவில்லை அவருக்கு. டாக்டரின் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டார். “அடுத்தது நம்ம படம்லே!”

டாக்டர் பொத்தானைப் பார்த்தார். இப்போதே கையை வைத்தால்? குரல் வந்தால்தான் உரிமை. குரல் வந்த பிறகு ஐந்து விநாடி. அந்த வாக்கியம் எவ்வளவு நீளம்? மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். ஐந்து விநாடிதான். முன்னாலேயே வைத்துவிட வேண்டும். வைத்தால் பெயர் வரும். ‘அழித்தவர்: தேவசகாயம்.’ ஏன்லே அழிச்ச என்று கேட்பான். என்ன சொல்வது? மயக்கம் என்றா?

காஜாவைப் பார்த்தார். காஜா தன் ஆரஞ்சு ஜூஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை பேசியது.

“பின்னு பொருந்தலலே.” இளம் ஆவுடையப்பன்.

“பின்னு எதுக்கு? ரெண்டு தீக்குச்சி குடு.” டாக்டர் தன் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு தைரியமாகவா இருந்தது? “வயரை உள்ள விட்டு குச்சியைச் சொருகுனா நிக்கும். எங்க வீட்டுல ரேடியோ பத்து வருஷமா அப்படித்தான் ஓடுது.”

“வேண்டாம்டா. ஆர்தர் பாத்தா வையுவான்.” காஜா.

“நான் டாக்டர்லா? ஒண்ணும் ஆகாது.”

திரையைப் படித்த மாணவர்களிடமிருந்து, பல்லைக் கடித்து மூச்சை இழுக்கும் சத்தம் வந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று டாக்டருக்குத் தோன்றியது. நிஜமாகவே பார்த்தார்கள். நூற்று நாற்பது. இதற்கு மேல் எண்ண முடியவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி. கைதட்டல். இரண்டாவது அடி. ‘பட்.’ மேசையே இடிந்ததுபோல் ஒரு ‘தொம்’. பின் ஒன்றுமில்லை. நாற்பத்தேழு வருடத்துக்கு முந்தைய நிசப்தம் ஒலிபெருக்கி வழியே வந்து பப்பை நிறைத்தது.

“ஆவுடை! ஏலே ஆவுடை!”

டாக்டரின் கை பொத்தானுக்கு மேல் நின்றது. ஒரு விரற்கடைதான் இடைவெளி. இறக்க முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை. அடுத்து ‘நாடி இல்ல.’ அதற்கடுத்து அது.

சட்டென்று மேசை வாயடைத்தது.

நீல வெளிச்சம் சிவந்தது. வார்னிஷ் கருகும் நெடி எழுந்தது. திரையில் எழுத்து வந்தது. டாக்டர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் காற்றில்தான் நின்றது.

‘1984 பூச்சு அழிக்கப்பட்டது. அழித்தவர்: ஆவுடையப்பன்.’

பப் முழுக்க ஒரு முனகல்.

“என்ன செய்துவிட்டீர்கள்!” நெட்டைப் பையன் கத்தினான். “உங்களுக்கு இருந்த ஒரே அத்தாட்சி!”

“கை பட்டுருச்சுப்பா,” என்றார் ஆவுடையப்பன். தலையைச் சொறிந்தார். “வயசாச்சுல்ல.”

ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்த கை அது. தீக்குச்சிப் பேச்சு வந்தபோதே பொத்தான் மேல் போயிருக்க வேண்டும். பாட்டு நின்றதும் அமுக்கியிருக்கிறது.

ஃபியோனா உதட்டைப் பிதுக்கிவிட்டு வார்னிஷ் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுக்க உள்ளே போனாள். மாணவர்கள் முணுமுணுத்தபடி விலகினார்கள். டாக்டர் ஆவுடையப்பனின் சட்டைக் கையைப் பிடித்தார்.

“ஏன்லே அழிச்ச?”

“சும்மாதான்.”

“ஆவுடை.”

ஆவுடையப்பன் மேசை மூலையை மோவாயால் காட்டினார். “எங்காது எங்க இருந்துச்சுன்னு பாத்தேல்லா?”

டாக்டர் பார்த்தார். மரத்தோடு ஒட்டிப் பதிந்த காது. மூச்சு நின்ற பிறகும் காது மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று, எத்தனையோ சாவு வீடுகளில் அழுகிறவர்களுக்கு ஆறுதலாக அவரே சொல்லியிருக்கிறார்.

“கேட்டியா?”

“முழுசா.”

“அன்னைக்கே?”

“மறுநாள் டீ குடிக்க வந்தேம்லா? அப்ப கேக்கலாம்னுதான் வந்தேன். நீ கதவைத் தொறந்த. ஒன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? செத்தது நீயா நானான்னு எனக்கே குழம்பிப் போச்சு.” ஆவுடையப்பன் மெதுவாகச் சிரித்தார். “அப்புறம் கதையைச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். என்னைக்காவது நீ, ‘ஆமாலே, நடந்துச்சு’ன்னு சொல்லுவ, மிச்சத்தையும் சொல்லுவன்னு. நிமிஷத்தைக் கூட்டிக்கூடப் பாத்தேன். கோவத்துலயாவது உண்மை வந்துரும்னு. நீ மயக்கத்தை விடல.”

“அப்ப இங்க எதுக்குக் கூட்டிட்டு வந்த? எல்லார் முன்னாலயும் என்னைய—”

“கோட்டிப்பயலே, அதுக்கில்ல. ‘நாடி இல்ல’ன்னு நீ சொல்லுவேல்லா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுட்டு நிறுத்திரலாம்னு ஆசை. சாகுததுக்குள்ள செத்ததுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்லா? ஆனா ஒன்னையப் பாத்தேன். சட்டை மேலயே நெஞ்சு துடிக்குது. இந்தக் கடையில ஒருத்தன் செத்தது போதும்னு அமுக்கிட்டேன்.”

காஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஃபியோனா வந்தாள். நீளமான பட்டையாக, ஆர்தர் அடிப்பது போலவே, மேசைக்கு வார்னிஷ் அடித்தாள். அந்த நெடி ஏறியதும் டாக்டருக்கு இருபத்துநாலு வயதாயிற்று, கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. இன்னும் ஓடலாம். அத்தாட்சி எரிந்துவிட்டது. காஜா சொல்லமாட்டார். ஆவுடையப்பன் சொல்லவேமாட்டார்.

“இனி மேசை கேட்கும்,” என்று ஃபியோனா மணியடித்தாள். பப்பில் சத்தம் அடங்கியது. எல்லாரும் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெட்டைப் பையன் தன் சட்டைப் பையிலிருந்து, எழுதிவந்த தாளை எடுத்தான்.

அந்தப் பயங்கர நிசப்தத்தில் ஒருத்தி டாக்டரிடம் மெல்லக் கேட்டாள்: “நீங்கள் டாக்டராமே? அன்றைக்கு அவருக்கு உண்மையில் என்னதான் ஆயிற்று?”

‘மயக்கம்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாற்பத்தேழு வருடப் பழக்கம்.

டாக்டர் தேவசகாயம் குனிந்தார். அவர் முகம் ஈரப் பூச்சில் தெரிந்தது. அதற்கடியில் எங்கோ ஆழத்தில் அந்தக் காது.

“ஏலே, தொட்டுராத,” என்றார் ஆவுடையப்பன் பதறி. “தொட்டா அத்தனை பேருக்கும் நீதான் வாங்கிக் குடுக்கணும்.”

டாக்டர் தொடவில்லை. குரல் நடுங்கியது. நடுங்கட்டும், அப்படியே காயட்டும் என்று விட்டுவிட்டார். தமிழில்தான் பேசினார். திரையில் அது ஆங்கிலமாக ஓடியது.

“எம்பேரு தேவசகாயம். இவன் அன்னைக்கு செத்தான். நாடி பாத்தவன் நான்தான். கையிலயும் இல்ல, கழுத்துலயும் இல்ல. தீக்குச்சியைச் சொருகுனதும் நான்தான். பழியை இவன் மேலயே போடச் சொன்னதும் நான்தான். இவனை இந்த மேசையில போட்டுட்டு ஓடிட்டேன். இவனுக்கு உயிர் குடுத்தது காஜா. மயக்கம்னு நான் சொன்னதெல்லாம் பொய்.”

நெட்டைப் பையன் தாளை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். அவர் கண் நிறைந்திருந்தது; ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? டாக்டர் காதருகே குனிந்து, திருவிழாவில் பலூன் கேட்கும் பிள்ளையின் குரலில் சொன்னார்:

“எத்தனை நிமிஷம்னும் ஒரு வார்த்தை சொல்லிருலே. பதினொண்ணுன்னு.”

பேச்சோடு பேச்சாக, மாதத்தின் முதல் ஞாயிறு போல, அவருடைய இடது கை டாக்டரின் பக்கம் நீண்டிருந்தது. டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். விரலுக்கடியில் நாடி, ஒன்று இரண்டு என்று, நிதானமாக ஓடியது.

“எண்ணுததுக்கு நான் அங்க நிக்கலயே, ஆவுடை,” என்றார். “ஆனா நடந்துச்சு.”